மேனேஜர் ஏறிய ஜீப்

சென்ற வியாழக்கிழமை காலை பதினொரு மணி. எங்களுக்கு எதிராக மனுக் கொடுத்திருந்த மனிதர், என் தோளை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, "மெதுவா மேடம்... மெதுவா... நான் புள்ளகுட்டிக்காரன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

எதிர்மனுதாரர், மனு எழுதியவளின் தோளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எதிலும் இல்லை. ஆனால் நாலு இஞ்ச் உயர்த்திய ஜீப்பில், ஐப்பசிச் சேற்றில், பிடித்துக்கொள்ளக் கம்பியில்லாத பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குச் சட்டம் ஞாபகம் வராது. தோள்தான் ஞாபகம் வரும்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம் — விவகாரம் இன்னும் கோப்பில் இருக்கிறது. அங்கே ஒன்பது குடும்பங்களுக்கு வாய்க்காலுக்கு அப்பால் கொஞ்சம் கொஞ்சம் நிலம். நில உச்சவரம்புச் சட்டத்தில் உபரி என்று எடுத்த நிலத்தை, மேடை போட்டு, மைக் கட்டி, மாலை மரியாதையோடு அவர்களுடைய மூத்தவர்களுக்குப் பட்டாவாகக் கொடுத்தார்கள். பிறகு ஆட்சிகள் மாறின. மேடையில் நிற்பவர்களின் கரைவேட்டி நிறம் மாறி மாறி வந்தது. பட்டா மட்டும் மாறவில்லை. மிக நல்ல காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். நிலத்தைக் கொடுத்தவர்கள், அந்த நிலத்துக்குப் போகும் வழியை எழுதிக் கொடுக்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை. வாய்க்கால் கரையோரமாக, ஒரு பெரிய பண்ணையின் வயல்களை ஒட்டி, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போகிறது. அது வண்டிப்பாதை என்கிறார்கள் ஒன்பது குடும்பத்தாரும். வெறும் நடைவரப்பு என்கிறது பண்ணை. பழைய புலப்படத்தை விரித்துப் பார்த்தால், அங்கே ஒரு புள்ளிக்கோடு இருக்கிறது. அகலம் எழுதவில்லை. புள்ளி வைத்த சர்வேயர் அன்றைக்கு என்ன அவசரத்தில் இருந்தாரோ!

ஒரு புள்ளிக்கோட்டுக்கு இத்தனை சண்டையா?

ஆமாம். பாதை என்றால் அறுவடை மெஷின் உள்ளே வரும். வரப்பு என்றால் வராது. கையால் அறுக்க இன்றைக்கு ஆள் கிடைப்பதில்லை. விக்டோரியாக்காவுக்கு ஆறு மா நிலம் — இரண்டு ஏக்கர். போன தையில் மெஷின் வர வழியில்லாமல் விளைந்த நெல் நின்றது. பருவம் தப்பிய மழையில் சாய்ந்தது. கதிரிலேயே முளைத்தும் விட்டது. அவர் அழவில்லை. முளைத்த கதிரைக் கையில் எடுத்து வந்து என் மேசைமேல் வைத்து, "நாத்தங்காலுக்கு வெதை வாங்க வேண்டியதில்ல பாருங்க, அதுவே மொளச்சிருச்சு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அதன்பிறகு பண்ணையிலிருந்து அன்பான விசாரிப்புகள் வந்தன. ஏன் கஷ்டப்படுகிறாய்? எங்களுக்கே எழுதிக் கொடுத்துவிடேன்... வழியில்லாத நிலத்தை வேறு யார் வாங்குவார்கள்? வழியை மறித்து நிற்பவர்தான் வாங்குவார். டெல்டாவில் நிலம் கைமாறுவதற்கு அடிதடியெல்லாம் தேவையில்லை. ஒரு வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டு வந்தாலே போதும்.

கணவர் இல்லை. மகன் திருப்பூரில். "வித்துட்டு வந்துடும்மா" என்று அவன் போனில் சொல்லச் சொல்ல, அக்கா மனம் தளர்ந்துவிட்டார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைக்கு டோக்கனும் வாங்கியாயிற்று. அதற்கு முதல் நாள், வியாழக்கிழமைதான் துணை தாசில்தாரின் கள ஆய்வு.

"வியாழக்கெழம பாதைன்னு சொன்னாங்கன்னா, வெள்ளிக்கெழம நான் போவ மாட்டேன். வரப்புன்னுட்டாங்கன்னா போயி கையெழுத்தப் போட்டுட்டு அப்படியே திருப்பூர் பஸ் ஏறிடுவேன். பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுற வேல இருக்காம்" என்றார்.

இதில் என் பங்கு என்ன? அதைச் சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

நான் சமூகப்பணி படித்தவள். மனு எழுதித் தருவது என் வேலை. வேலை என்பதைவிட வியாதி. ஒன்பது குடும்பங்களுக்காகப் பதினொரு பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த அரசாணை — ஒன்றையும் விடவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். புரட்டாசியில் ஒரு நாள், வண்டி போகும் பாதை இது என்று நிரூபிக்கிறேன் பார் என்று, என் பழைய ஜீப்பை நானே அதில் ஓட்டிக்கொண்டு போனேன்.

டிராக்டர் வைத்திருப்பவர் யாரையாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். "நாளைக்குப் பண்ணையில எனக்கு உழவு கெடைக்காதுங்க" என்றார்கள். நியாயம்தானே? பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு வாருங்கள் என்று நான் எப்படிச் சொல்வது?

முன்னூறு அடிகூடப் போகவில்லை. ஜீப்பின் இடப்பக்கம் திடமாக நின்றது, வலப்பக்கம் புதைந்தது. வண்டி சாய்ந்து, நான் அவசரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, அடியில் 'மடேர்' என்றது. முன் அச்சு விரிசல் விட்டுவிட்டது.

பண்ணை மேனேஜர் பக்கிரிசாமி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நல்ல ஆகிருதி. நல்ல வெள்ளைச் சட்டை. போனை எடுத்து நிதானமாக நாலு படம் எடுத்தார்.

"பாதைன்னா வண்டி ஏன் மேடம் கவுருது?"

அந்தப் படங்களை அவர் எதிர்மனுவோடு இணைத்துவிட்டார். ஆக, விக்டோரியாக்காவுக்கு எதிரான முதல் தரமான சாட்சியத்தைத் தயாரித்துக் கொடுத்தவள் நான்தான். நல்லது செய்யக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் வருடத்துக்கு ஒரு முறையாவது இப்படி ஒரு படத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்... தலைக்கனம் வராது.

ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு பூம்புகார் போனேன். அங்கே ரத்தினவேல் அண்ணன், படகு இன்ஜின் மெக்கானிக். கடலுக்குப் போகும் குடும்பம். அவர் மட்டும் கரையில் நின்று இன்ஜினோடு வாழ்கிறார். படகு இன்ஜின் பார்ப்பவருக்கு ஜீப்போடு என்ன சம்பந்தம் என்று ஒரு தடவை கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"ரெண்டும் தண்ணியில ஓடுறதுதானே? ஒன் ஜீப்பு தரையில ஓடி நான் பாத்ததே இல்லியே தங்கச்சி!"

மூன்று நாள் கழித்துப் போன் செய்தார். மயிலாடுதுறையில் ஒரு காயலான்கடையில், பிரித்துப்போட்ட பெரிய வண்டி ஒன்றின் முன் அச்சும் பின் அச்சும் ஜோடியாகக் கிடைத்திருக்கின்றன.

"இரும்பு நல்லாருக்கு. ஒரே ஒரு விஷயம்... ஒரு பக்கத்துக்கு நாலு இஞ்ச் அகலம் ஜாஸ்தி."

"அப்போ வேண்டாண்ணே. பழைய அளவுலயே தேடுங்க."

"தேடலாம். கெடைக்கிறதுக்குள்ள ஒங்க தாசில்தாரம்மா ரிட்டயர் ஆயிடுவாங்க."

எனக்குக் கவலைகள் வரிசை கட்டின. சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டு போனால் நடந்து போகிறவர்கள்மேல் சேறு அடிக்குமே? அகலமான வண்டி கரையின் ஓரத்தை உடைத்தால் யாருடைய வயலில் தண்ணீர் பாயும்? இந்த மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டாமா? எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்:

"ஒரு போல்ட்டக் கழட்டுறதுக்குள்ள ஊரு உலகத்துக்கு என்ன ஆகும்னு கேக்குறியே... ஒன்னயெல்லாம் படகுல ஏத்துனா கரையே தாண்டாது."

ஆனாலும் நான் எழுதிக் கொடுத்து, ஒப்புதல் வந்த பிறகுதான் வேலையை ஆரம்பிக்கவிட்டேன். அதற்குள் அவர் மூன்று படகு இன்ஜின்களை முடித்துவிட்டார்.

பிறகு நடந்தது ஒரு திருவிழா. நான் தினமும் பஸ் பிடித்துப் போய் வேடிக்கை பார்த்தேன். பழைய அச்சுகள் இரண்டும் வெளியே வந்தன. புதிய அச்சுகள் அகலமானவை என்பதால், லீஃப் ஸ்பிரிங் உட்காரும் இடத்தை வெட்டி, உள்ளே தள்ளி, அளந்து வெல்டிங் வைத்தார். புதிய ஸ்பிரிங் பட்டைகள் ஏறின. ஜீப்பின் உடம்பு நாலு இஞ்ச் மேலே போயிற்று. யூ போல்ட்டுகளை முடுக்கிவிட்டு, ஜாக்கியை இறக்கினார். வண்டி காலை அகட்டிக்கொண்டு நின்றது.

"நண்டு மாதிரி இருக்குண்ணே."

"நண்டு கவுந்து எப்பவாச்சும் பாத்திருக்கியா?"



உயர்த்திவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முடியவில்லை, அங்கேதான் ஆரம்பம். சீர்காழி சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனோம். முதல் பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி, வண்டி நேராக ஒரு டீக்கடையை நோக்கிப் போனது. நான் அலற, அண்ணன் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து நிறுத்தினார். டீக்கடைக்காரர் அசரவேயில்லை. "ரெண்டு டீயா?" என்றார்.

டீயைக் குடித்துக்கொண்டே அண்ணன் காரணம் சொன்னார். வண்டியின் உடம்பு மேலே போகும்போது ஸ்டியரிங் பெட்டியும் கூடவே மேலே போய்விடுகிறது. சக்கரம் கீழேயே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கம்பி, படுத்திருக்க வேண்டியது, சரிந்து நிற்கிறது. சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் ஏறி இறங்கும்போது அந்தக் கம்பி சக்கரத்தை ஒரு பக்கமாக இழுக்கும். ஓட்டுகிறவள் ஒரு பக்கம் திருப்ப, வண்டி ஒரு பக்கம் போகும். மேலே இருப்பவர்களைத் தூக்கி உயரத்தில் வைத்துவிட்டு, கீழே இருப்பவர்களோடு இணைக்கும் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு வேறு சில உதாரணங்களும் நினைவுக்கு வந்தன. அரசியல் வேண்டாம், டீ ஆறிவிடும்.

சக்கரத்தின் பக்கம் அந்தக் கம்பியின் மூட்டை உயர்த்தி, கம்பியைப் படுக்க வைத்தார். இழுப்பு நின்றது. ஆனால் நாற்பதில் போனால் முன்சக்கரங்கள் தலையாட்டின. நேராகப் பிடித்தாலும் வண்டி அலைந்தது. அண்ணன் ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து காட்டினார்.

"முன் சக்கரத்தத் தாங்குற கவை நேரா நிக்குதா பாரு. இல்ல. சாஞ்சு நிக்குது. அதனாலதான் கைய விட்டாலும் நேராப் போவுது. ஒன் அச்ச நாம தூக்குனதுல அந்தச் சாய்வு போயிடுச்சு."

ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே இரும்பில் மெல்லிய ஆப்பு செதுக்கி வைத்து, அச்சைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார். அவ்வளவுதான். வண்டி ஒழுங்காயிற்று.

கடைசியாகத் துள்ளல். புது ஸ்பிரிங் கல் மாதிரி இருந்தது. வேகத்தடையில் என் தலை கூரைக் கம்பியில் இடித்தது. அதற்கு அவர் செய்த வைத்தியத்தை எந்த ஜீப் மெக்கானிக்கும் செய்யமாட்டார். மீன் பெட்டிகளில் ஈர மணலை நிரப்பி, ஆளுக்கு ஒரு பெட்டி என்று எட்டுப் பெட்டியை ஜீப்பில் ஏற்றினார். கொத்தனார் வைத்திருப்பதுபோல் ஒரு நீர் ட்யூபைப் பிடித்து, முன்னும் பின்னும் மட்டம் பார்த்தார். பின்பக்கம் ஒரு பட்டையைக் கழற்றினார். மறுபடி மட்டம் பார்த்தார்.

"வெறும் படகு ஆடத்தான் செய்யும். வல ஏறணும், ஐஸ் ஏறணும், ஆளு ஏறணும். அதுக்கப்புறம்தான் மட்டம். எட்டுப் பேருக்குத் தோதா வச்சிருக்கேன். தனியா ஓட்டிட்டுப் போயி என்னத் திட்டாத."

வியாழக்கிழமை வந்தது. முதல் நாள் மழை. அந்த ஒரு கிலோமீட்டரும் குழைத்த மாவு மாதிரி கிடந்தது. துணை தாசில்தார் வந்தார். என்னைவிட வயதில் இளையவர், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்கத் தெரிந்தவர். கிராம நிர்வாக அலுவலர் காகிதக் கட்டோடு பின்னால் வந்தார். விக்டோரியாக்கா கையில் மண்வெட்டியோடு நின்றார். எதற்கென்று அவருக்கே தெரியாது, வெறுங்கையோடு வயலுக்கு வந்து பழக்கமில்லை. தோளில் மஞ்சள் பை. அதில் நாளைக்கு வேண்டிய பத்திரக் காகிதங்கள்.

பக்கிரிசாமி போனோடு தயாராக நின்றார். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மேடம், இது ஜீப்பில்ல, யானை. இதக் குளத்துல விட்டாலும் போகும். அதுக்காகக் குளத்தப் பாதைன்னு எழுதிடுவீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடாத கேள்வி அதுதான். உயர்த்திய வண்டி போய்விட்டால் அது வண்டியின் பெருமையா, பாதையின் சான்றா? நான் செய்வது நிரூபணமா, வித்தையா?

துணை தாசில்தார் மட்டும் சிரிக்கவில்லை. "கேள்வி நியாயமானதுதான்" என்றார். "இருந்தாலும் முதல்ல போகுதான்னு பாத்துடுவோம்."

எட்டுப் பேர் வேண்டுமே? நான், துணை தாசில்தார், கிராம நிர்வாக அலுவலர், ரத்தினவேல் அண்ணன், விக்டோரியாக்கா, ஒன்பது குடும்பங்களிலிருந்து இரண்டு பேர். ஏழு. மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். பண்ணை மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யார் ஏறுவார்கள்?

"ஒரு ஆள் கொறையுது" என்றார் அண்ணன்.

"நானே வர்றேன்" என்றார் பக்கிரிசாமி. "கவுரும்போது கிட்ட இருந்து போட்டோ எடுக்கணும்ல!"

ஏறுவதற்கு உயரம் எட்டவில்லை. அண்ணன் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். அதன்மேல் ஏறி, இரண்டு பேர் கைகொடுக்க, கருவாட்டு வாசனையோடு மேனேஜர் பின்சீட்டில் அமர்ந்தார். ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு விட்டது. அண்ணன் என் காதோடு சொன்னார்: "இவரு ரெண்டு பெட்டி மண்ணுக்குச் சமம். இப்பத்தான் மட்டம் சரியாச்சு."

நாலு சக்கர இழுவையைப் போட்டேன். கிளம்பினோம்.

முதல் ஐம்பது அடி நான்கு திசைக்கும் வழுக்கியது. அப்போதுதான் அந்தக் கைகள் என் தோளில் விழுந்தன. "புள்ளகுட்டிக்காரன் மேடம்..." வண்டி ஒரு பக்கம் சறுக்கி, மறுபக்கம் வந்து — 'டக்' என்று எதிலோ உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில்.

அதன்பிறகு ஆட்டமில்லை. சறுக்கலில்லை. நான் புரட்டாசியில் சாய்ந்த இடம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சேறு சக்கரத்தின் பாதிவரை இருக்கிறது. வண்டியோ தண்டவாளத்தில் போவதுபோல் போகிறது. விரல்களைத் தளர்த்தினேன். பிறகு கையையே எடுத்துவிட்டேன்.

"என்ன மேடம், ஸ்டியரிங்க விட்டுட்டீங்க?" — துணை தாசில்தார்.

"நான் விடல மேடம். அதுக்குத்தான் நான் தேவைப்படல."

"ஆப்பு வேல செய்யுது!" என்று பின்னாலிருந்து அண்ணன் கத்தினார். அடுத்த நிமிடமே குரல் மாறியது. "இல்லியே... சேத்துல இவ்ளோ நேராப் போவக் கூடாதே. நான் என்ன மந்திரமா வச்சேன்? அடியில என்னமோ இருக்கு."

"வண்டிய நிறுத்துங்க" என்றார் துணை தாசில்தார்.

அவரே முதலில் இறங்கினார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை சேறு. "யார்கிட்டயாவது மம்பட்டி இருக்கா?"

விக்டோரியாக்கா சக்கரத்துக்கு முன்னால் ஒரு போடு போட்டார். 'ணங்' என்றது. சேற்றை வழித்தார். ஒன்றரைச் சாண் ஆழத்தில் செங்கல் உடைசலும் ஓட்டுச்சில்லும் பாளம் பாளமாக, இறுகிப்போய்க் கிடந்தன. மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னாலும் அதே வரிசை. நடுவில் தோண்டினால் வெறும் களிமண்.

அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அட... இது இன்னுமா கெடக்கு!"

"யாரும்மா போட்டது?"

"நாங்கதான் மேடம். நான் கல்யாணமாயி வந்த புதுசு. வண்டி பொதையுதுன்னு, கோடையில வீட்டுக்கு ரெண்டு கூடை, செங்கக் காளவாயி ஒடசல் கொண்டாந்து தடத்துல கொட்டணும். எம் மாமியா என்னய அஞ்சு கூடை சொமக்க வச்சுச்சு. புது மருமவல்ல! அதெல்லாம் வெள்ளத்துல போயிருக்கும்னுல்ல நெனச்சேன்..."

"இத ஏம்மா மனுவுல எழுதல?"

அக்கா என்னைக் கைகாட்டினார். "இவங்க கேக்கலியே மேடம். எந்தச் சட்டம், எந்தப் பிரிவுன்னுல்ல எழுதிக்கிட்டிருந்தாங்க."

பதினொரு பக்கம்! அதில் ஓர் ஓட்டுச்சில்லுகூட இல்லை. 

துணை தாசில்தார் மேனேஜர் பக்கம் திரும்பினார். "குளத்துக்கு யாராவது ரெண்டு வரிசையாச் செங்கல் போடுவாங்களா சார்?"

பக்கிரிசாமி லேசுப்பட்டவர் அல்ல. "இவங்க ஜீப்பு அகலத்துக்குத் தகுந்த மாதிரி இப்பக்கூடக் கொண்டாந்து போட்டிருக்கலாம்ல மேடம்?"

மறுபடியும் நியாயமான கேள்வி! டேப்பைப் பிடித்து இரண்டு வரிசைக்கும் நடுவில் அளந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் குறித்துக்கொண்டார். துணை தாசில்தார் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டார்:

"உங்க பண்ணையில பழைய மாட்டுவண்டி ஏதாவது இருக்கா சார்?"

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "இருக்காவா? எங்க பெரியய்யா காலத்து வண்டி மேடம்! வார்னிஷ் அடிச்சு, வாசல்லயே வச்சிருக்கோம். மேல பூந்தொட்டியெல்லாம் வச்சு, வர்றவங்க எல்லாம் நின்னு போட்டோ..."

அங்கே நிறுத்திக்கொண்டார். எங்கே போய் நின்றுவிட்டோம் என்பது அவருக்கே புரிந்துவிட்டது.

பண்ணை வாசலில், பூந்தொட்டிகளுக்குக் கீழே, செங்கல் வரிசைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் டேப் ஒரு விரற்கடைகூட வித்தியாசம் காட்டவில்லை. இந்தப் பக்கத்து மாட்டுவண்டி அச்சுக்கெல்லாம் ஒரே அகலம். ரத்தினவேல் அண்ணன் காயலான்கடையில் கண்டெடுத்ததும், நான் வேண்டாம் என்றதும் அதே அகலம்தான். என் பழைய ஜீப்பின் அச்சு குறுகல். அதனால்தான் ஒரு சக்கரம் செங்கல்மேலும் மறு சக்கரம் நடுக்களிமண்ணிலும் போய், அன்றைக்குச் சாய்ந்தேன். பாதைமேல் தப்பே இல்லை. பொருந்தாத அச்சோடு போனவள்மேல்தான் தப்பு.

யோசித்துப் பாருங்கள். பிறருக்காகப் பேசப் போகிற நம்மில் எத்தனை பேர், அவர்கள் நடந்த தடத்தின் அகலத்தை முதலில் அளந்துவிட்டுப் போகிறோம்?

கள ஆய்வில் பார்த்ததையெல்லாம் மகஜராக எழுதினார்கள். இரு தரப்பும் கையெழுத்துப் போடவேண்டும். பக்கிரிசாமி பேனாவை வாங்கிவிட்டுத் தயங்கினார்.

"ஆட்சேபத்தோடன்னு எழுதிப் போடலாமா மேடம்?"

"தாராளமா எழுதுங்க சார். ஆனா எங்கருந்து பாத்தீங்கங்கிறதையும் சேத்து எழுதுங்க."

நல்ல மனிதர் அவர்; பொய் எழுதவில்லை. 'வாகனத்தில் அமர்ந்து சென்று பார்வையிட்டேன்' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்திட்டார். தன் வேலையை அவர் செய்தார், அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் கோபமில்லை. தோள் மட்டும் இன்னும் வலிக்கிறது.

திரும்பிப் போகும்போது எட்டுப் பேருக்கு வைத்த ஸ்பிரிங்கில் பதினான்கு பேர் ஏறிக்கொண்டார்கள். காலையில் தள்ளி நின்றவர்கள்தான். "பட்டை போயிடும்! எறங்குங்கய்யா!" என்று அண்ணன் கத்திக்கொண்டே வந்தார்; யாரும் இறங்கவில்லை. விக்டோரியாக்கா முன்சீட்டில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, செங்கல் கிடக்கும் இடமெல்லாம் "இது எங்க கூடை... இது எங்க கூடை" என்று சுட்டிக்காட்டியபடி வந்தார். எல்லாச் செங்கலும் அவருடையதாகவே இருந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். வண்டிப்பாதை என்று அறிக்கை அனுப்புவதாகத் துணை தாசில்தார் சொல்லியிருக்கிறார். சர்வேயர் வந்து, சீவி எடுத்த அகலத்தை அளந்து மீட்க வேண்டும். பண்ணை மேல்முறையீட்டுக்குப் போகலாம். போவது அவர்கள் உரிமை. கோப்பு நடக்கும் வேகம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விக்டோரியாக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பதினொன்று... எடுக்கவில்லை. பத்திர அலுவலக வாசலில் உட்கார்ந்திருப்பாரோ? மகன் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டானோ? ஜீப் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.

பன்னிரண்டுக்கு அவரே கூப்பிட்டார்.

"நீடாமங்கலத்துல இருக்கேங்க. அறுவட மெஷின் ஓனர் வீட்டுல. தையில எல்லாரும் அடிச்சுக்குவாங்க, அதான் முன்னாடியே சொல்லி வச்சுடுவோம்னு வந்தேன். எங்க ஒம்பது வீட்டுக்கும் சேத்து."

"டோக்கன்?"

"அது கெடக்கு, விடுங்க. இந்த ஓனரு என்னய நம்ப மாட்டேங்கிறாருங்க. மெஷின் உள்ள வர நெசமாவே பாதை இருக்கான்னு மூணு வாட்டி கேட்டுட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பண்ணை மேனேஜர் நேத்துதான் வண்டியில போயிட்டு வந்தாரு, சந்தேகம்னா அவரையே கேட்டுக்குங்கன்னு நம்பரக் குடுத்துட்டேன்!"